முக்காலியில் உட்கார்ந்து நகர்த்திய கார்

வாசகர் கேள்வி: வாகனப் பராமரிப்பு

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41, அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். அப்பா லாரி மெக்கானிக்காக இருந்தவர் என்பதால் சிறு வயதிலிருந்தே ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை. வீட்டில் 2015இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. இதுவரை 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் முதுகிலேயே பக்கவாட்டு ஏர்பேக் வைத்த ரகம்.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது காரை மட்டும் விட்டுவைப்பானேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறார். ஏர் ஃபில்டரையும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றி, ஸ்பிரே அடித்துத் துடைத்து மீண்டும் பொருத்தினார். மகன் பால் கொட்டி நாறிக்கிடந்த தரைவிரிப்பைக் கழுவ ஓட்டுநர் இருக்கையையும் கழற்றினார். பேட்டரியைத் துண்டிக்கவில்லை. விரிப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டது. எஞ்சின் வேலை அதற்குள் முடிந்திருந்ததால், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காரைப் பத்தடி தள்ளி நிறுத்தினார்.

மாலையில் இருக்கையை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) 700க்கும் 1,500க்கும் இடையே ஏறி இறங்கியது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு ஓரிரு நாளில் வந்து நிலையாக எரிந்தது. சிவப்பு ஏர்பேக் விளக்கோ அன்று மாலையிலிருந்தே அணையவில்லை. கணவர் தொலைபேசியில் சொன்னபடி பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை அரை மணி நேரம் கழற்றி வைத்தார். புதன்கிழமை எஞ்சின் விளக்கு அணைந்தது, வியாழன் மாலை திரும்ப வந்தது. ஆர்பிஎம் ஆட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை. ஏர்பேக் விளக்கு அசையவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, “நீங்களே கை வைத்துக் கெடுத்துவிட்டீர்கள், த்ராட்டில் பாடி புதிது, ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் புதிது, மொத்தம் 31,500 ரூபாய், இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) போயிருந்தால் தனி” என்றார்களாம். வீட்டருகே உள்ள எலக்ட்ரீஷியன், ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தால் ஏர்பேக் விளக்கு அணைந்துவிடும் என்கிறார். நாள்தோறும் பள்ளிக்குப் போய்வர 26 கிலோமீட்டர். இப்படியே ஓட்டலாமா, இசியூ போய்விட்டதா, ரெசிஸ்டர் வைக்கலாமா, நானே வேலை செய்ததால் ஒர்க்‌ஷாப்பிடம் பேச எனக்கு உரிமை இல்லையா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: “போல்ட்டுகளைத் தொலையாமல் முறத்தில் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் மாட்டிய பிறகு முறத்தில் ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் கிடந்தது. கார் ஓடியதால் பழைய ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள். ஒன்று முக்காலி, இன்னொன்று முறத்தில் மிஞ்சிய வளையம். ஒர்க்‌ஷாப்பில் இவை இரண்டையும் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தும் அவர்கள் 31,500 என்று எழுதியிருந்தால் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று பொருள்.

நேற்று வரை ஒழுங்காக ஓடிய கார் இன்று மாலை விளக்கு காட்டுகிறது என்றால், இடையில் எங்கெல்லாம் கை பட்டதோ அங்குதான் முதலில் தேட வேண்டும். இருபத்தேழு வருடமாக நான் காரின் கீழே படுத்து எழுந்து கற்றது இது. த்ராட்டில் பாடியும் ஏர்பேக் யூனிட்டும் இசியூவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து சாவது நடக்காத காரியம். ஒரு கனெக்டர் சரியாக உட்காராமல் போவதும் ஒரு வளையம் விட்டுப்போவதும் தினமும் நடக்கிறது.

எஞ்சின் விளக்கு ஏன் அணைந்தது, ஏன் திரும்பியது

பேட்டரியைக் கழற்றினால் கோளாறு போய்விடும் என்ற நம்பிக்கை கணவருக்கு மட்டுமல்ல, எங்கள் தொழிலில் இருக்கும் பலருக்கும் உண்டு. பல கார்களில் அப்படிச் செய்தால் இசியூவின் நினைவில் இருக்கும் கோளாறுக் குறியீடு அழிகிறது, விளக்கு அணைகிறது. கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் அழிகிறது: கோளாறு பதிவான நொடியில் காரின் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் வெப்பம் எவ்வளவு என்று இசியூ எடுத்து வைத்திருந்த குறிப்பு. திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்கி வைப்பது போன்ற வேலை அது. குறியீட்டைப் படித்து எழுதி வைத்த பிறகு அழித்தால் தப்பில்லை.

திரும்பி வந்ததற்கும் காரணம் உண்டு. புகை தொடர்பான பெரும்பாலான கோளாறுகளை இசியூ முதல் முறை பார்த்ததும் விளக்கைப் போடாது, மனதில் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் விளக்கு எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் தானே அணையும். ஒயர் அறுந்தது போன்ற சில கோளாறுகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது, உடனே எரியும். உங்களுக்குப் புதன் அணைந்து வியாழன் மாலை எரிந்திருக்கிறது. காலையில் பள்ளிக்கு ஓர் ஓட்டம், மாலையில் வீட்டுக்கு ஓர் ஓட்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கணித ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இசியூ தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அது செத்துப்போயிருந்தால் இவ்வளவு ஒழுங்காக எண்ணாது.

அடுத்தது ஆர்பிஎம் ஆட்டம். நீங்கள் துடைத்த த்ராட்டில் பாடிக்குள் வட்டமான ஒரு தகடு இருக்கிறது, பட்டர்ஃபிளை என்போம். அதன் விளிம்பில் வருடக்கணக்கில் கரி படிந்து காற்று போகும் இடுக்கு குறுகியிருக்கும். இசியூவும் அதற்கேற்பத் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். மழைக்காலத்தில் ஊறி இறுகிய கதவை நாம் தோளால் இடித்துத் திறந்து பழகுகிறோம். தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போன மறுநாளும் அதே பழக்கத்தில் இடித்தால் கதவு சுவரில் போய் மோதும். துடைத்த அன்று ஆர்பிஎம் ஏறுவது அந்த வகை. இசியூ மறுபடி பழகினால் அடங்கிவிடும்.

ஆனால் உங்கள் காரில் இந்தக் காரணம் முழுதாகப் பொருந்தவில்லை. பேட்டரியைக் கழற்றியபோது பழைய பழக்கமும் அழிந்திருக்க வேண்டும். அதன் பிறகு நாலைந்து நாள் ஓட்டியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், தகட்டின் வழியாக அல்லாமல் வேறு எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது. ‘ஏர் லீக்’ என்று எந்த மெக்கானிக்கிடம் சொன்னாலும் புரிந்துகொள்வார். எதிர்பாராத காற்று வந்ததும் ஆர்பிஎம் ஏறுகிறது, இசியூ பெட்ரோலைக் குறைத்து அடக்குகிறது, அணைந்துவிடுமோ என்று பயந்து மீண்டும் விடுகிறது. 700க்கும் 1,500க்கும் நடுவே நீங்கள் பார்ப்பது இந்த இழுபறியைத்தான்.

இங்கேதான் முறத்தில் மிஞ்சிய வளையம் வருகிறது. த்ராட்டில் பாடி, எஞ்சினின் காற்றுக் குழலோடு சேரும் முகத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ரப்பர் வளையம் ஒன்று உட்காரும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்ததால் அது எண்ணெய் பட்டு நீண்டு, கழற்றும்போது ஒட்டாமல் நழுவி விழும். பலர் அதைத் திருப்பிப் போட மறந்துவிடுவார்கள். உலோகத்தோடு உலோகம் சேர்ந்ததுபோல் தெரியும், போல்ட்டும் இறுகும், கார் ஸ்டார்ட்டும் ஆகும். அந்த முடி அளவு இடைவெளியில் எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த வளையமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஏர் ஃபில்டர் பெட்டியின் குழாய் முனையில் வரும் வளையமாகவும் இருக்கலாம். பிளக் குழியின் வாயில் உட்காரும் ரப்பராக இருந்தால் இவ்வளவு பெரிய ஆட்டம் வராது; மழை நீரும் தூசியும்தான் உள்ளே போகும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காலை வேளையில் பாருங்கள். வளையத்தை உள்ளங்கையில் வைத்து த்ராட்டில் பாடியின் வாயோடு ஒப்பிடுங்கள். விட்டம் ஏறக்குறைய ஒத்துப்போனால் பாதி விடை கிடைத்துவிட்டது. பழைய வளையத்தையே திரும்பப் போடாதீர்கள். நீண்டு போனது மறுபடி பள்ளத்தில் உட்காராது. உதிரிபாகக் கடையில் உங்கள் காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லி ‘த்ராட்டில் பாடி ஓ-ரிங்’ அல்லது ‘கேஸ்கெட்’ என்று கேளுங்கள். நீங்கள் சொன்ன 31,500க்கு அருகில் வைத்துப் பேசும் விலை அல்ல அது.

கூடவே, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் பெரிய குழாயின் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ் எஞ்சின் மூடிக்குப் போகும். ஃபில்டர் மாற்றும்போது அது கழன்று பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெட்டியின் கிளிப்புகளில் பின்பக்கத்துக் கிளிப் மாட்டாமல் விட்டுப்போவது ரொம்பச் சாதாரணம். அந்தக் குழாயில் காற்றின் வெப்பத்தை அறியும் சென்சரின் கனெக்டர் இருந்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது காது கொடுத்தால் ‘உஸ்ஸ்’ என்ற சீறல் கேட்கலாம். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் செருகிக்கொள்ளுங்கள். கசிவைக் கண்டுபிடிக்க ஓடும் எஞ்சின் மேல் கார்பரேட்டர் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. எளிதில் தீப்பற்றும் திரவத்தைச் சூடான சைலன்சர் பக்கம் அடிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுச் சோதிக்கும் கருவி இருக்கிறது.

பிளக்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டால் கார் உதறும், இழுவை குறையும், எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டும். கண் சிமிட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்த சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைப் பொசுக்குகிறது என்று அர்த்தம். அப்போது ஓட்டக் கூடாது. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, மேட்டில் நன்றாக இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிளக்கை விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று காணொளியில் பார்த்து மூன்று முறை இறுக்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது அமெரிக்கக் காருக்குப் பொருந்தும் யோசனை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் புகை விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை; அந்த வழியில் இந்தச் சோதனை கட்டாயமில்லை. உங்கள் காரின் மூடியை மாலையில் ஆயிரம் முறை இறுக்கினாலும் விளக்குக்குத் தெரியப்போவதில்லை.

கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கலாமா என்றால், தாராளமாக. 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த, பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு ஓபிடி இரண்டாம் கட்டம் பொருந்தும், உங்களுடையது 2015. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு ஊசி கொண்ட சாக்கெட் இருக்கும். கைபேசியோடு புளூடூத்தில் பேசும் சின்னக் கருவி போதும். 0171 என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. 0507 என்று வந்தால் இருக்க வேண்டிய ஆர்பிஎம்மை விட அதிகம். 0113 என்றால் வெப்ப சென்சரின் கனெக்டர் மாட்டப்படவில்லை என்று சந்தேகப்படலாம். இவற்றின் முன்னால் ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்து வரும். ஏர்பேக் குறியீடுகளின் முன்னால் இரண்டாவது எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’தான் என்பதால் இங்கே எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் மலிவுக் கருவிகள் எஞ்சினை மட்டும் படிக்கும். ஏர்பேக்கைப் படிக்காது, அதன் நினைவை அழிக்கவும் செய்யாது.

முக்காலியும் ஏர்பேக் விளக்கும்

உங்கள் இருக்கைக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருந்திருக்கும். காரில் மஞ்சள் கனெக்டரைப் பார்த்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் இறுக்கியின் வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டும், கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். இருக்கையை வெளியே எடுக்க நீங்கள் அதைக் கழற்றினீர்கள். அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீர் லாரிக்காக முக்காலியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினீர்கள் அல்லவா, அந்த நொடியில் ஏர்பேக் யூனிட் தன் சுற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது, ஓட்டுநர் பக்க ஏர்பேக் காணோம் என்று எழுதிக்கொண்டது. மாலையில் நீங்கள் கனெக்டரை மாட்டினாலும் அது எழுதியதை அழிக்கவில்லை. எஞ்சினின் இசியூ மூன்று ஓட்டத்தில் மன்னித்துவிடும். பல கார்களில் ஏர்பேக் யூனிட் மன்னிப்பதில்லை. பேட்டரியைக் கழற்றினாலும் மறப்பதில்லை. விபத்தின்போது பேட்டரியே அறுந்து போனாலும் நினைவு தங்க வேண்டும் என்றுதான் அதை அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே யூனிட் கெட்டுப்போயிற்று என்று எந்த ஆதாரமும் இல்லை. கனெக்டர் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஏர்பேக்கைப் படிக்கும் ஸ்கேனரால் பழைய பதிவை அழித்தால் போதும் என்பதே என் கணிப்பு. அழித்த பிறகும் திரும்ப வந்தால் அப்போது ஒயரையும் கனெக்டரின் ஊசிகளையும் பார்க்கலாம். கழுவிய விரிப்பின் அடியில் இருக்கும் பஞ்சு முழுதாகக் காய்ந்ததா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்து, அடியில் ஒரு வாரம் ஈரம் தங்கும். ஈரம் இருந்தால் கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்துவிடும்.

கனெக்டரைத் தொடும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உங்கள் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். சில நிறுவனங்கள் 90 வினாடி என்கின்றன, சில 3 நிமிடம் என்கின்றன. பேட்டரி போன பிறகும் யூனிட்டுக்குள் ஏர்பேக்கை வெடிக்கச் செய்யும் அளவு மின்சாரம் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். மல்டிமீட்டரை எடுத்து அந்த மஞ்சள் ஊசிகளில் வைத்து அளந்து பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரமே சில நேரம் போதும். எலக்ட்ரிக் வேலை தெரிந்த கைகள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கின்றன.

ரெசிஸ்டர் பற்றிய கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம். எலக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை, விளக்கு அணையும். ஏர்பேக் சுற்றில் சில ஓம் மின்தடை இருக்கிறதா என்றுதான் யூனிட் பார்க்கிறது. அதே அளவில் ஒரு ரெசிஸ்டரைச் செருகினால் ஏர்பேக் இருப்பதாக நம்பிவிடும். பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடிக்கும்போது மின்சாரம் அந்த ரெசிஸ்டருக்குப் போகும், உங்கள் தோளருகே எதுவும் விரியாது. நாளை இந்தக் காரை வாங்குகிறவருக்கும் அது தெரியாது. இப்போது சிவப்பாக எரிகிற விளக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை எரியவிடுங்கள்.

ஓட்டலாமா?

பொதுவாகச் சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் சீக்கிரம் பார், பச்சையும் நீலமும் தகவல். உங்கள் மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, இழுவை குறையவில்லை. சில நாள் மெதுவாகப் பள்ளிக்குப் போய்வரலாம். ஆனால் நெரிசலில் முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது ஆர்பிஎம் 1,500க்கு ஏறினால் கார் தானாக முன்னே தள்ளும். முன்னால் நிற்கும் ஸ்கூட்டர்க்காரருக்குக் கூடுதலாக ஒரு முழம் இடம் விடுங்கள். வாரக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். ஃபில்டருக்குப் பின்னால் குழாய் திறந்திருந்தால் உங்கள் ஊர் சாலைப் புழுதி வடிகட்டாமல் நேராக எஞ்சினுக்குள் போகிறது, அது பிஸ்டன் ரிங்குகளை அரம் போல் ராவிவிடும்.

ஏர்பேக் விளக்கு சிவப்புதான், ஆனால் அது எஞ்சினை நிறுத்தச் சொல்லும் சிவப்பு அல்ல. அது எரிந்துகொண்டிருக்கும் வரை ஏர்பேக்குகள் எதுவும் விரியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பெல்ட் போட்டால் பெல்ட் பிடிக்கும். மகனைப் பின்னால் உட்கார வையுங்கள், நெடுஞ்சாலைப் பயணத்தை அது அணையும் வரை தள்ளிப்போடுங்கள்.

உங்களுக்கு இப்போது வராவிட்டாலும் அடுத்து எஞ்சின் ஆயிலை நீங்களே மாற்றப்போவதாக எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, ஆயில் அளவைக் காட்டும் விளக்கு என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைக் காட்டுவது. ஃபில்டர் மாற்றிய பின் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி எரிந்து அணையலாம்; அதற்கு மேல் எரிந்தாலோ ஓடும்போது எரிந்தாலோ அடுத்த நொடி எஞ்சினை நிறுத்த வேண்டும், பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று பார்க்கக் கூடாது. நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கிவிட்டேன். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு வளையத்துக்கும் நடுவே பிய்ந்துகொண்டு நாலு லிட்டர் ஆயிலும் தார்ச்சாலையில். வண்டிக்காரர் விளக்கைப் பார்த்ததும் நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது, நானும் பிழைத்தேன். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் யாரும் புதிதை எடுப்பதில்லை. மிஞ்சிய ரப்பர் வளையத்தைப் பற்றி நீங்கள் எழுதியதும் என் மனம் ஏன் அங்கே ஓடியது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒர்க்‌ஷாப்பிடம் உங்கள் உரிமை

“நீங்களே கை வைத்தீர்கள்” என்பது உங்கள் வாயை அடைக்கச் சொல்லும் சொல்லே ஒழிய, சட்டம் அல்ல. பத்தாண்டு கடந்த காருக்கு வாரண்டி முடிந்திருக்கும். இழப்பதற்கு வாரண்டி இல்லாதபோது அந்த மிரட்டலுக்கு என்ன வேலை? நீங்கள் செய்த பிழைக்கு அவர்கள் பொறுப்பல்ல என்பது உண்மை. ஆனால் பணம் வாங்கிச் செய்யும் சோதனையும் மதிப்பீடும் சரியாக இருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

புதிய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு செய்தி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது ஓர் ஆணை பிறப்பித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுதும் ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதமான அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே அந்த ஆணையைக் காட்டினால் அப்படியே தலை வணங்குவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “எந்த சேதம், என் எந்த வேலையால்?” என்று எழுத்தில் கேட்க அது நல்ல அடிப்படை. தானே ஏர் ஃபில்டர் மாற்றியவருக்கு ஸ்டீயரிங் வாரண்டியை மறுக்க முடியாது.

உங்கள் ஒர்க்‌ஷாப்பிடம் இப்போது கேட்க வேண்டியவை:

ஸ்கேனர் காட்டிய குறியீடுகளின் அச்சுப் பிரதி, எஞ்சினுக்கும் ஏர்பேக்குக்கும் தனித்தனியாக. அழிக்கும் முன் எடுத்ததா, அழித்த பின் எடுத்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஏர்பேக் பதிவை அழித்துப் பார்த்தார்களா, அழித்த பின் எத்தனை நேரத்தில் திரும்பியது என்ற பதில். அழித்தே பார்க்காமல் யூனிட்டை மாற்றச் சொன்னால் அங்கிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சோதனைக்கு மட்டும் எவ்வளவு, பழுதுபார்க்க எவ்வளவு என்று பிரித்து எழுதிய மதிப்பீடு. மாற்றினால் பழைய பாகத்தை உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரியும்.

கொடுக்க மறுத்தால் வேறு இடத்தில் சோதனைக்கு மட்டும் காசு கொடுத்துப் பார்ப்பதே சிக்கனம். தேவையில்லாத பாகத்தை மாற்றி ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்திலும் முறையிடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எழுத்தில் எதுவும் வாங்காதவர்கள் அங்கே போய்த் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வரிசை. முதலில் வளையத்தையும் ஹோஸையும் பாருங்கள். புது வளையம் போட்ட பின், ஏசி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினைச் சூடேறி ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை ஓடவிடுங்கள். அதற்குப் பின் ஏசி போட்டும் சில நிமிடம். பல கார்களுக்கு இதுவே போதும், சிலவற்றுக்கு ஸ்கேனரால் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அடங்கினால் த்ராட்டில் பாடி புதிதாக வாங்கும் பேச்சு முடிந்தது. ஏர்பேக் பதிவை அழிக்க மட்டும் ஒர்க்‌ஷாப் போங்கள்.

“பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்” என்று சிரித்த மைத்துனரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். போல்ட்டுகளை முறத்தில் வரிசையாக வைத்தவர், மிஞ்சியதைத் தூக்கி எறியாமல் எனக்கு எழுதியவர் நீங்கள். என் பட்டறையில் பத்து வருடம் இருந்தவர்கள் மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் சிரிப்பதை விடுங்கள். முக்காலிக்காக மட்டும் நான் கடிந்துகொள்கிறேன். பிரேக்கை அழுத்தும்போது முதுகுக்கு ஊன்ற எதுவும் இல்லாத முக்காலி அது, பத்தடியில் குழந்தை ஒன்று குறுக்கே வந்திருந்தால்? லாரிக்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக, ஒர்க்‌ஷாப் போகும் அன்று இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். இருக்கையின் நான்கு போல்ட்டுகளையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். கையால் முறுக்கி மாட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒர்க்‌ஷாப் கொடுத்த மதிப்பீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விபத்தில் இருக்கை தரையோடு இருப்பது அந்த நான்கு போல்ட்டால்தான். அது தளர்ந்திருந்தால் எரிவதற்கு டேஷ்போர்டில் விளக்கு கிடையாது.